உரையாசிரியருக்கு என்ன ப்ராப்பர்ட்டி? புத்தகப் பக்கங்களுக்கு மெட்டாடேட்டா பெயர் தேடும் வழி

ஏ, யூ, டி, எச், ஈ, ஆர்.

இந்த ஆறு எழுத்தும் மூன்று மாதம் ஒரு பதிப்பகத்தின் 340 புத்தகப் பக்கங்களில் உட்கார்ந்திருந்தன. 'ஆத்தர்' என்று நான் போனில் சொன்னேன், காதில் விழுந்தபடி அந்தப் பக்கம் அடித்தார்கள். ஓ இருக்க வேண்டிய இடத்தில் ஈ. டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு இடம்தான், ஆனால் எல்லாப் பக்கமும் அதிலிருந்து பிறப்பவை. பக்கம் உடையவில்லை. எச்சரிக்கை வரவில்லை. வாசகர் ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எழுத்தாளர் பெயர் சரியாகத்தானே இருந்தது. தேடுபொறி போன்ற இயந்திரம் படிக்கும் மெட்டாடேட்டா அடுக்கில் மட்டும் 340 புத்தகங்களும் அநாதை. எழுத்துக் கூட்டிச் சொல்லாதது என் தப்பு.

சிறு பதிப்பகங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. மேலே சொன்ன பதிப்பகத்தில் கணினி வேலை பார்க்கும் பெண் என்னை அண்ணா என்பார். எங்கள் வேலை முழுக்க போனில்தான் நடக்கும். அதனால் இந்தக் குறிப்பிலும் ப்ராப்பர்ட்டி பெயர்களை, அதாவது எழுதியவர், விலை போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் இயந்திரம் அறிந்த பெயர்களை, அவருக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன். குறிமுறையில் ஆங்கில எழுத்தில், நான் சொல்கிற பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல் அடித்துக்கொள்ளுங்கள். அது மாறினால் பெயரே வேறு.

முதலில் யார் படிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். ஒரே விவரத்துக்கு ஒவ்வொரு வாசகரிடமும் ஒவ்வொரு பெயர். தேடுபொறிகளுக்கு ஸ்கீமா டாட் ஆர்க். 2011 ஜூனில் கூகுள், பிங், யாகூ மூன்றும் சேர்ந்து தொடங்கிய சொற்பட்டியல் அது, அதே ஆண்டு யான்டெக்ஸும் வந்து சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் இணைப்பைப் பகிர்ந்தால் அட்டைப்படத்தோடு ஒரு பெட்டி வருகிறதே, அதற்கு ஃபேஸ்புக் 2010இல் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப். ஆய்விதழ் நடத்துகிறவர்களுக்கு கூகுள் ஸ்காலர் முக்கியம், அங்கே 'சைட்டேஷன்' என்று தொடங்கி அடிக்கோடு போட்டு எழுதும் பெயர்கள். நூலகப் பக்கம் போனால் டப்ளின் கோர். 1995இல் ஓஹாயோவின் டப்ளின் நகரில் நடந்த பட்டறையில் முளைத்து, பிறகு 15 ஆன பெயர்கள் அவை. அயர்லாந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவற்றைக் கலக்கும்போது விழுகிற வழக்கமான பள்ளம் ஒன்று: பக்கத்தின் மெட்டா குறியில் டிஸ்கிரிப்ஷனுக்கு 'நேம்' என்ற பண்பு, ஓப்பன் கிராஃபுக்கு 'ப்ராப்பர்ட்டி' என்ற பண்பு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் காப்பியடித்தால் தப்பாகும். தேதியிலும் அப்படித்தான். ஸ்கீமாவில் கோடு போட்டு 2024-01-05, ஸ்காலரில் சாய்கோடு போட்டு 2024/01/05.

இனி ஸ்கீமாவை மட்டும் பேசுகிறேன். பிடிபடாதது அதுதான்.

பெயர் தேட உட்காரும் முன் கணினியை மூடி வையுங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறம் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தையும் பாருங்கள். அங்கே உள்ளதைத் தமிழிலேயே ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்: தலைப்பு, எழுதியவர், மொழிபெயர்த்தவர், முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, பக்கங்கள், விலை, அட்டை ஓவியம், ஐஎஸ்பிஎன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே கேள்வி: இது எதனுடைய விவரம்? படைப்பினுடையதா, கையிலிருக்கும் இந்தப் பதிப்பினுடையதா, விற்பனையினுடையதா?

எனக்கு உதவும் ஒரு குறுக்குவழி உண்டு. கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன் கொடுப்பார்கள். ஐஎஸ்பிஎன் மாறினால் இந்த விவரம் மாறக்கூடுமா என்று கேட்டுப்பாருங்கள். எழுதியவர் மாற மாட்டார், அவர் படைப்போடு போகிறவர். பக்க எண்ணிக்கையும் அட்டை வகையும் மாறலாம், அவை பதிப்பின் பக்கம். ஐஎஸ்பிஎன் மாறாமலே, கடைக்குக் கடை மாறுவது விலை. அது புத்தகத்தின் பண்பே அல்ல.

விலையை வைத்துத்தான் நான் இந்தப் பாடத்தைக் கற்றேன். ஸ்கீமா ஒவ்வொரு மாதிரிப் பொருளையும் ஒரு வகை என்கிறது; அதில் 'புக்' என்ற வகையின் பக்கத்தைத் திறந்து 'பிரைஸ்' என்று தேடினேன். இல்லை. 'காஸ்ட்' இல்லை. 'எம்ஆர்பி' என்று நானே ஒன்று போட்டுவிடலாமா என்று கை துறுதுறுத்தது. விலை இருக்கிறது, ஆனால் 'ஆஃபர்' என்ற வேறு வகையின் மேல். புத்தகத்தில் 'ஆஃபர்ஸ்' என்று ஒரு ப்ராப்பர்ட்டி, அதற்குள் ஓர் ஆஃபர், அதற்குள் பிரைஸ், கூடவே 'பிரைஸ்கரன்சி'. அன்றிலிருந்து பொருத்தமான பெயர் கிடைக்கவில்லை என்றால் புதுப்பெயருக்கு ஓடுவதில்லை. தப்பான பொருளின் கழுத்தில் மாட்டப் பார்க்கிறேனா என்றுதான் முதலில் பார்க்கிறேன். பத்தில் ஏழெட்டுத் தடவை அதுதான் சங்கதி.

பெயரைக் கண்டுபிடித்ததும் அதன் ஒலியை நம்பாதீர்கள். ஸ்கீமாவில் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் மூன்று இடம் படித்தால் போதும்: விளக்கம், எந்த வகைகளின் மேல் வரும், மதிப்பாக எதை எதிர்பார்க்கும். புத்தகத் தலைப்புக்கு 'ஹெட்லைன்' பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அது கட்டுரைக்கும் செய்திக்கும் பழகிய பெயர், புத்தகத்துக்கு 'நேம்' போதும். பதிப்புக்கு 'வெர்ஷன்' என்று ஒன்று கண்ணில் படும், விட்டுவிடுங்கள், 'புக்எடிஷன்' இருக்கிறது. 'கிரியேட்டர்' என்றும் 'ஆத்தர்' என்றும் இரண்டு இருந்தால் குறுகலானதை எடுங்கள்.

பெயரைத் தமிழிலிருந்து மொழிபெயர்த்துத் தேடாதீர்கள். 'வெளியான தேதி' மனதில் இருந்தால் விரல் தானாக 'பப்ளிஷ்டேட்' என்று அடிக்கும். அப்படி ஒரு பெயரே கிடையாது. இருப்பது 'டேட்பப்ளிஷ்ட்', ஒரே சொல்லாக, டேட் முழுக்கச் சின்ன எழுத்து, பப்ளிஷ்டின் முதல் எழுத்து மட்டும் பெரியது. விவரங்களைப் பக்கத்துக்குள் தனிப் பட்டியலாக எழுதும் ஜேசன்-எல்டி முறையில் இல்லாத பெயரைப் போட்டால் அது பாட்டுக்கு ஸ்கீமாவின் முகவரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பக்கத்தைச் சுட்டிக்கொண்டு நிற்கும். யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள்.

ப்ராப்பர்ட்டி சின்ன எழுத்தில் தொடங்கும், வகையின் பெயர் பெரிய எழுத்தில். 'பப்ளிஷர்' என்பது சின்ன பி. 'புக்' என்பது பெரிய பி.

இப்போது இந்தக் குறிப்பின் தலைப்பில் உள்ள கேள்விக்கு வருகிறேன். தமிழ் நூல்களின் தலைப்புப் பக்கம் ஸ்கீமாவை எழுதியவர்கள் கனவிலும் பார்த்திராதது. சீவக சிந்தாமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்றியவர் திருத்தக்கதேவர். உரை நச்சினார்க்கினியர். 1887இல் அச்சில் பதிப்பித்தவர் உ.வே.சாமிநாதையர். முதன்முதலில் இப்படி ஒரு நூல் கைக்கு வந்தபோது மூன்று பெயரையும் ஆத்தரில் அடுக்கிவிட்டேன். இயந்திரம் அதை எப்படிப் படிக்கும்? மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியதாக. நடுவில் எத்தனை நூற்றாண்டு!

சாமிநாதையருக்குச் சிக்கல் இல்லை, 'எடிட்டர்' என்ற ப்ராப்பர்ட்டி அவருக்கென்றே காத்திருக்கிறது. நச்சினார்க்கினியர்தான் தலைவலி. உரையாசிரியருக்கு ஸ்கீமாவில் பெயர் இல்லை. தேடித் தேடி நான்கு வழி கிடைத்தது.

சோம்பேறி வழி, 'கான்ட்ரிபியூட்டர்' என்று போட்டுவிடுவது. பொய்யில்லை. ஆனால் உரை எழுதியவரும் மெய்ப்புத் திருத்தியவரும் அதில் ஒரே வரிசையில் நிற்பார்கள்.

அதையே கொஞ்சம் திருத்தலாம். கான்ட்ரிபியூட்டருக்குள் நேராக ஆளை வைக்காமல் 'ரோல்' என்ற வகையை வையுங்கள். அதில் 'ரோல்நேம்' என்று போட்டு உரையாசிரியர் என்று தமிழிலேயே எழுதுங்கள். அந்த ரோலுக்குள் மறுபடி ஒரு கான்ட்ரிபியூட்டர், அதற்குள்தான் ஆள். ஒரே பெயர் இரண்டு முறை வருவதைப் பார்த்து முதலில் எனக்கும் தப்போ என்று தோன்றியது. தப்பில்லை, அமைப்பே அப்படி.

மூன்றாவது, நூலகத்தாரிடம் கடன் வாங்குவது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வைத்திருக்கும், நூலோடு யாருக்கு என்ன உறவு என்று குறிக்கும் மார்க் உறவுப் பட்டியலில் எழுத்து வடிவ உரைகாரருக்கு 'சி டபிள்யூ டி' என்று மூன்றெழுத்துக் குறி உண்டு. அதன் முழு இணைய முகவரியையே ப்ராப்பர்ட்டி பெயராகப் போடலாம், பக்கத்தின் குறிகளுக்குள்ளேயே விவரத்தை எழுதும் மைக்ரோடேட்டா முறையும் ஜேசன்-எல்டியும் இதற்கு இடம் கொடுக்கின்றன. நூலகங்கள் உங்கள் பக்கத்தைப் படிக்குமென்றால் அருமையான வழி. எங்கள் பதிப்பகத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

நான் வந்து நின்றது நான்காவதில். நச்சினார்க்கினியருக்குப் பெயர் கிடைக்காததன் காரணம் விலையின் கதைதான்: தப்பான பொருளின் மேல் அவரை வைக்கப் பார்த்தேன். அவர் சிந்தாமணியின் எதுவோ அல்ல, உரை என்ற தனிப் படைப்பின் ஆசிரியர். ஆகவே அச்சுப் புத்தகம் என்பது ஒரு 'புக்', எடிட்டர் சாமிநாதையர். அதற்குள் 'ஹேஸ்பார்ட்' இரண்டு. ஒன்று மூலம், ஆத்தர் திருத்தக்கதேவர். இன்னொன்று உரை, ஆத்தர் நச்சினார்க்கினியர், அந்த உரையின் 'அபவுட்' மூலத்தைச் சுட்டும். புதிதாக ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. உரைகாரர் நம் மரபில் வெறும் உதவியாளர் அல்லர் என்பதும் இதில் தெரிகிறது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

மொழிபெயர்ப்பும் இதே சாயல், ஆனால் அதற்குப் பெயர் தயாராக இருக்கிறது. தமிழ்ப் பிரதியில் 'டிரான்ஸ்லேட்டர்', கூடவே மூலத்தைச் சுட்ட 'டிரான்ஸ்லேஷன்ஆஃப்வொர்க்'.

பதிப்புக் கணக்கில் நம் பதிப்பகங்கள் செய்யும் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ஒரு எழுத்துகூட மாறாத மறு அச்சை 'மூன்றாம் பதிப்பு' என்று போடுவார்கள். ஐஎஸ்பிஎன் பழையதே இருக்கும். உள்ளடக்கம் மாறியிருந்தால் மட்டும் புக்எடிஷன் போடுங்கள். டேட்பப்ளிஷ்டில் எந்தத் தேதி என்ற கேள்வி அடுத்து வரும். 1998இல் வந்த நாவலை 2024இல் புதுப் பதிப்பாகக் கொண்டுவந்தால் இரண்டும் உண்மை. படைப்புக்கு ஒன்று, பதிப்புக்கு ஒன்று என்று இரண்டு பொருளாகப் பிரித்து, படைப்பிலிருந்து பதிப்புக்கு 'வொர்க்எக்ஸாம்பிள்' என்று இணைப்புக் கொடுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் விற்கும் பதிப்பின் தேதியை மட்டும் போடுங்கள், பழைய தேதியை விவரக்குறிப்பில் வாக்கியமாக எழுதிவிடுங்கள்.

ஆட்களின் பெயருக்கு வருவோம். 'கிவன்நேம்', 'ஃபேமிலிநேம்' என்று இரண்டு கண்ணில் படும். தொடாதீர்கள். இனிஷியல் என்பது அப்பா பெயர், சிலருக்கு ஊரும் சேரும், குடும்பப் பெயர் அல்ல. சாமிநாதையரின் உ என்பது உத்தமதானபுரம் என்ற ஊர். அதை ஃபேமிலிநேமில் போட்டால் ஊரே அவருக்குக் குடும்பமாகிவிடும். முழுப் பெயரையும் 'நேம்' ஒன்றிலேயே வையுங்கள். புனைபெயருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் 'ஆல்டர்னேட்நேம்' இருக்கிறது, அதை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். அட்டையில் புதுமைப்பித்தன் என்றிருந்தால் அதுதான் நேம், சொ. விருத்தாசலம் ஆல்டர்னேட்நேம். அதே ஆள்தான் என்று உறுதியாகச் சொல்ல 'சேம்அஸ்' போட்டு அவருடைய விக்கிடேட்டா முகவரியைக் கொடுங்கள். பதிப்பகத்தின் ஆசிரியர் பக்கத்தை சேம்அஸில் போடாதீர்கள், அது 'யூஆர்எல்'.

பெயர் சரியாக இருந்து மதிப்பு தப்பாக இருந்தாலும் வேலை வீண். 'இன்லாங்குவேஜ்' என்பதற்கு 'டி ஏ' என்ற இரண்டெழுத்து. மாநிலத்தின் சுருக்கத்தை நினைத்து 'டி என்' போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது போட்ஸ்வானாவில் பேசும் ட்ஸ்வானா மொழியின் குறி. விலையில் ரூபாய்க் குறியும் வேண்டாம், ஆயிரத்துக்குக் காற்புள்ளியும் வேண்டாம், வெறும் 1250. இந்திய ரூபாய் ஐஎன்ஆர், இலங்கை ரூபாய் எல்கேஆர் என்று கரன்சியில் சொல்லிக்கொள்ளலாம். ஒரு பதிப்பாளர் ஆசையாக ௧௨௫௦ என்று தமிழ் எண்ணில் போடச் சொன்னார். பக்கத்தில் தாராளமாகப் போடலாம், பார்க்கவும் அழகு. பிரைஸுக்குள் கூடாது, அங்கே 0 முதல் 9 வரையிலான வழக்கமான இலக்கங்கள்தான் வேண்டுமென்று ஸ்கீமாவே எழுதிவைத்திருக்கிறது. தேதியில் ஆண்டு முதலில். மாதம் மட்டும் தெரிந்தால் 1998-12 என்று நிறுத்துங்கள், தெரியாத நாளுக்கு 01 போட்டு நிரப்பாதீர்கள். பழைய நூல்களின் தலைப்புப் பக்கத்தில் தமிழ் ஆண்டின் பெயர் இருக்கும். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருமாதலால் ஆங்கில ஆண்டைக் கண்டுபிடித்துப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பெயர் இல்லையென்றால் சொந்தமாக வைக்கலாம். எங்களுக்கு ஒரே ஒருமுறை தேவைப்பட்டது: நூல் எந்த ஓலைச்சுவடியிலிருந்து எடுத்தது என்ற சுவடி எண். அப்படி வைக்கும்போது ஸ்கீமாவின் முகவரிக்குள் நுழைக்காதீர்கள், அது உங்கள் வீடு இல்லை. உங்கள் தளத்தின் முகவரியிலேயே ஒரு பக்கம் திறந்து, பெயரும் இரண்டு வரி விளக்கமும் எழுதி, அந்தப் பக்கத்தின் முழு முகவரியைப் பெயராகக் கொடுங்கள். மைக்ரோடேட்டாவில் முகவரியாக இல்லாத வெறும் பெயருக்குள் புள்ளியோ முக்காற்புள்ளியோ வரக்கூடாது. இடைவெளி விட்டால் இரண்டு பெயராகிவிடும்.

ஒருமையில் வையுங்கள். ஸ்கீமாவே இதில் சறுக்கியது. 'அவார்ட்ஸ்', 'ஆக்டர்ஸ்' என்று பன்மையில் வைத்துவிட்டு, பிறகு 'அவார்ட்', 'ஆக்டர்' என்று மாற்றினார்கள். பழையவற்றை அழிக்கவும் முடியவில்லை, இதற்குப் பதில் அது என்ற குறிப்போடு இன்னும் நிற்கின்றன. ஆஃபர்ஸ் மட்டும் எப்படியோ எஸ்ஸோடு தப்பித்துவிட்டது, அதனால்தான் போனில் அந்த எஸ்ஸை இருமுறை சொல்கிறேன். பெயரில் பதிப்பகத்தின் பெயர், ஆண்டு, 'நியூ', 'டெம்ப்' எதுவும் வேண்டாம். எழுத்துப் பிழையைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். உலாவி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் எச்டிடிபி தலைப்பு 'ரெஃபரர்', அதில் ஒரு ஆர் குறைவாக எழுதி 1996இன் விதிமுறை ஆவணத்திலேயே ஏறிவிட்டது. இன்றும் அந்தப் பிழையோடுதான் உலகமே ஓடுகிறது.

பெயரையே தமிழில் வைத்தால் என்ன? ஆசைதான், விதியும் தடுக்கவில்லை. நான் தயங்குவது ஒரே காரணத்துக்காக. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. கணினி குறியெண்ணை ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு பெயர். ஔகாரத்தை ஒ, ள என்று பிரித்து அடிப்பவர்களோ எக்கச்சக்கம். ஆத்தரில் ஓர் எழுத்து மாறினால் உற்றுப் பார்த்தாவது பிடிக்கலாம், இதை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. ஆகவே பெயர் ஆங்கில எழுத்தில், அதற்கான தமிழ்ச் சொல் விளக்கப் பக்கத்தில்.

சோதிக்க இரண்டு கருவி. ஸ்கீமாவின் சொந்த வேலிடேட்டர் சொற்பட்டியலில் இல்லாத பெயரைச் சுட்டிக்காட்டும். கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட் தனக்கு வேண்டிய சில வகைகளை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கண்டுகொள்ளாது. நான் இரண்டாவதை மட்டும் ஓட்டிவிட்டு நிம்மதியாக இருந்ததால்தான் அந்த ஆத்தர் பிழை மூன்று மாதம் மறைந்திருந்தது. இப்போது முதலில் வேலிடேட்டர், பிறகு மூன்று புத்தகப் பக்கம் தேர்ந்தெடுத்து, கருவி படித்துச் சொல்லும் பட்டியலையும் கையில் இருக்கும் தாளையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறோம். பக்கத்தில் வாசகர் கண்ணுக்குத் தெரியாத எதையும் குறிமுறையில் மட்டும் சேர்ப்பதில்லை, கூகுளின் விதியும் அதுதான்.

போன வாரம் அந்தப் பெண் கூப்பிட்டார். "அண்ணா, அட்டை ஓவியம் வரைஞ்சவர் பேர் தாள்ல மிச்சம் இருக்கு. 'இல்லஸ்ட்ரேட்டர்'னு ஒண்ணு இருக்கு, போட்டுடவா?"

"உள்ளே படம் வரைஞ்சிருக்காரா?"

"இல்லண்ணா, அட்டை மட்டும்தான்." கொஞ்ச நேரம் சத்தமில்லை, தட்டச்சு ஒலி மட்டும். "அப்ப இவர் புத்தகத்தோட ஆள் இல்லையே. அட்டைப் படத்தோட ஆள். 'இமேஜ்' உள்ள 'இமேஜ்ஆப்ஜெக்ட்' வெச்சு, அதுக்குள்ள கிரியேட்டர் போட்டா?"

"போடும்மா."

"கடைசியில டி, ஓ, ஆர்தானே?"